கங்காணிக்கு ஆஸ்திரேலியா

ஒரு நாயை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். முதலில் தோலுக்கடியில் சிப். அதன் பிறகுதான் வெறிநோய் ஊசி. முன்னாலேயே போட்டிருந்தால் கணக்கில் சேராது. அப்புறம் இரத்தம் எடுத்து லேப்புக்கு அனுப்பி, அது போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நூற்றெண்பது நாள் காத்திருக்க வேண்டும். நிபா கிருமிக்குத் தனி இரத்தம். உண்ணிக்கு மருந்து, குடல் புழுவுக்கு மருந்து. புறப்படுவதற்கு ஐந்து நாளுக்குள் டாக்டர் தலை முதல் வால் வரை தடவிப் பார்த்து, இந்த நாய் பயணத்துக்கு லாயக்கு என்று எழுதித் தர வேண்டும்.

கூண்டுக்கும் சட்டம் உண்டு. உள்ளே நாய் நின்றால் காது கூரையில் உரசக்கூடாது. திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். நான்கு பக்கமும் காற்று வர வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை வெளியிலிருந்தே நிரப்ப முடிய வேண்டும். மயக்க மருந்து கொடுத்து ஏற்றக்கூடாது. எங்கள் பூட்டன் நாகப்பட்டினத்தில் தோட்டக் கூலியாகக் கப்பல் ஏறியபோது தலை முட்டாமல் நிற்க இடம் இருக்கிறதா என்று யாரும் டேப் பிடித்து அளக்கவில்லை. நாய்க்கு அளக்கிறார்கள். அளக்கட்டும், அதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்த டேப்பைப் பிடிப்பவளே நான்தான்.

என் பெயர் கலைமகள். புக்கிட் காத்திலில் டாக்டர் நிவேந்திரன் நடத்தும் விலங்கு கிளினிக்கில் பதினாறு வருடமாகக் கவுண்டரில் இருக்கிறேன். வெளிநாடு போகும் நாய்களின் பேப்பர் எல்லாம் என் கையில். என் கோப்பில் ஒரு தேதி பிசகியதில்லை.

அந்தக் கோப்புகளில் பாதி பவானேஸ்வரி மேடத்துடையது. நாய்களைக் காப்பாற்றும் அமைப்பு ஒன்றின் தலைவி. அமைப்பின் பெயரை இங்கே எழுதி இலவச விளம்பரம் தரமாட்டேன். ஃபேஸ்புக்கில் அவர் பின்னால் எண்பதாயிரம் பேர். நேரலையில் எந்த நிமிடத்தில் கண் கலங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கலங்கினாலும் மை கலையாது. தெருவில் படுத்திருக்கும் நாயைக் கண்டால் காரை நிறுத்தி "பேபி" என்று இறங்குவார். அதே தெருவில் ஒரு மனிதன் கையை நீட்டினால் கண்ணாடி மேலே ஏறிவிடும். மெல்பர்னில் இருக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு நம் ஊர் அநாதை நாய்களைத் தத்துக் கொடுப்பதுதான் இப்போது அவருடைய பெரிய திட்டம். அநாதை நாய் வேண்டுமென்றால் அநாதை நாய் கிடைக்க வேண்டுமே. அதற்குத்தான் தோட்டம்.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு. நியாலாஸ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று, அங்கே கோவில் மண்டபத்தில் நாய்களுக்கு இலவச ஊசி முகாம். டாக்டர் ஊசி போட வந்தார், நான் பேப்பருக்கு வந்தேன், மேடம் கேமராவுக்கு வந்தார்.

தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோவில் மண்டபத்தில் மேசை போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தால் போதும், வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் ஹாம்பர் வருவது அப்படித்தான். ஐந்து கிலோ அரிசி, சீனி, எண்ணெய், ஒரு டின் பிஸ்கட், பையின் மேல் யாரோ ஒருவருடைய சிரித்த முகம். பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டால் பை கையில். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தி கேட்டுவிட்டால் பின்னால் நிற்பவர்கள் "சீக்கிரம் லா" என்பார்கள். கேட்டவளுக்குத்தான் வெட்கம். இப்படி இருபது முப்பது தீபாவளி பழகிய கைகள் அவை.

அன்றைக்கு நான் நீட்டியது இரண்டு தாள். ஒன்று ஊசிக்குச் சம்மதம். மற்றது, நாயின் மேல் எனக்குள்ள உரிமை முழுவதையும் அமைப்புக்கு விட்டுக்கொடுக்கிறேன், இனி எந்தக் காலத்திலும் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று ஆங்கிலத்தில். டைப் அடித்ததே நான்.

"மேடம், இந்த ரெண்டாவது போரம் நாயை எழுதிக் குடுக்குறது. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்று காலையிலேயே கேட்டேன்.

"ஊசிக்கு ஒண்ணு, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஒண்ணுன்னு சொல்லிடுங்க கா," என்றார் மேடம், உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்துக்கொண்டே. "இவங்களுக்கு ஒழுங்கா வளக்கத் தெரியுமா? கயிறு இல்ல, லைசென்ஸ் இல்ல, எல்லாம் ரோட்ல திரியுதுங்க. அதுங்க நல்லதுக்குத்தானே செய்றோம்."

தாளின் அடியில் இன்னொரு வரி இருந்தது. மேற்கண்டவை உரிமையாளருக்குத் தெரிந்த மொழியில் விளக்கிச் சொல்லப்பட்டன, சாட்சி கையெழுத்து. கிளினிக்குக்குப் பிரச்சினை வரக்கூடாது என்று டாக்டர் கேட்டுச் சேர்த்த வரி. பதினொரு தாளில் பதினொரு தடவை அந்த வரியின் கீழ் கலைமகள் என்று கையெழுத்துப் போட்டேன். மேடம் சொல்லச் சொன்ன பொய்யைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். ஏன் என்று கேட்காதீர்கள். வெயில் மண்டையைப் பிளந்தது, வரிசை நீளமாக இருந்தது, எனக்காகக் கட்டி வைத்த நாசி லெமாக் சோறு ஆறிக்கொண்டிருந்தது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

அந்த வரிசையில் ஒருத்தி இருசம்மாள். ஐம்பத்தெட்டு வயது, கணவர் இல்லை, பிள்ளை இல்லை, உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை. கயிறே இல்லாமல் காலோடு ஒட்டி நடந்துவந்தது ஒரு செம்பட்டை நாய்.

"பேர் என்னாக்கா?"

"கங்காணி."

"நாய் பேரு கா."

"அதான் சொல்றேன், கங்காணி. நான் குனிஞ்சு பொறுக்குனா முன்னால போயி உக்காந்துக்குவான். கொஞ்சம் நிமிந்து நின்னா, வேலை வாங்குற கங்காணி மாதிரியே கொலைப்பான். பாம்பு கெடந்தா அந்த மரத்தடிக்கே என்னை விடமாட்டான்." கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தார். "எப்ப கொண்டாந்து விடுவீங்க?"

"மூணு நாள்ல," என்றேன்.

பதினொரு நாய்களும் வேனில் ஏறின. கங்காணி மட்டும் முதலில் ஏற மறுத்து நான்கு காலையும் ஊன்றி நின்றது. இருசம்மாள்தான் தூக்கி உள்ளே வைத்தார்.

அதன் பிறகு எட்டு மாதம். சிப், ஊசி, இரத்தம், காத்திருப்பு, எல்லாம் சட்டப்படி. கங்காணிக்கு மேடம் "ஹோப்" என்று பெயர் மாற்றினார். மெல்பர்னில் ஒரு குடும்பம் அதன் படத்தைப் பார்த்து விரும்பி, அதற்குத் தனி அறைக்குப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்ட் காய்வதையும் வீடியோ எடுத்து அனுப்பியது. முகாமில் கொடுத்த நோட்டீஸில் இருந்த அமைப்பின் நம்பருக்கு இருசம்மாள் அடித்துக்கொண்டே இருந்தாராம். முதலில் புண் ஆறவில்லை என்றார்கள். பிறகு காய்ச்சல் என்றார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது என்று சொல்லலாம்தான். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் புறப்பாடு. கடைசிப் பரிசோதனைக்குக் குறித்திருந்த நாள் ஒரு செவ்வாய். காலை ஒன்பதரைக்குக் கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது மேடம் இல்லை, இருசம்மாள். நியாலாஸிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கோவிலுக்குக் கட்டும் சேலை. கையில் போன்.

"தங்கச்சி, இது இந்தக் கடைதானே?" போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். மேடத்தின் வீடியோ. பின்னால் எங்கள் போர்டு தெளிவாகத் தெரிந்தது. மேடத்தின் குரல் கரகரத்தது: தோட்டத்தில் பட்டினி போட்டு, கட்டி வைத்து, அடித்து, சாகக் கிடந்த ஹோப், இதோ புது வாழ்வுக்குப் பறக்கப் போகிறான்.

"பக்கத்து வீட்டு மலர்க்கொடி காட்டுச்சு. கட்டி வச்சேனாம். எங்கிட்ட ஒரு கயிறு கூட கெடையாதும்மா. நான் திங்கிறதுலதான் அவனும் திம்பான்." குரல் உயரவில்லை. "அவன் என் நாயி. எங்க வச்சிருக்கீங்க?"

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. முகாமில் தொப்பி போட்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். "உக்காருங்கக்கா, டாக்டர் வரட்டும்," என்றேன். தண்ணீர் கொடுத்தேன். கோழைகள் எல்லாரும் முதலில் தண்ணீர்தான் கொடுப்பார்கள்.

பத்து மணிக்கு மேடம் வந்தார். கங்காணியின் கழுத்தில் கங்காரு படம் போட்ட நீலத் துணி. மேனியில் ஷாம்பூ வாசனை. வாசலில் கால் வைத்ததும் நாய் நின்றது. மூக்கைத் தூக்கியது. அடுத்த நொடி மேடத்தின் கையிலிருந்து வார் உருவிக்கொண்டு போய்விட்டது. இருசம்மாளின் மடியில் முன்னங்கால் இரண்டையும் போட்டுக்கொண்டு அது எழுப்பிய சத்தத்தை நான் எந்த நாயிடமும் கேட்டதில்லை. திட்டுவது மாதிரி இருந்தது. எட்டு மாதம் எங்கே போனாய் என்று சண்டை பிடிப்பது மாதிரி. இருசம்மாள் அதன் காதைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்டா, வந்துட்டேன்டா," என்றார்.

பவானேஸ்வரி மேடத்துக்கு இரண்டு நொடிதான் முகம் வெளுத்தது. பிறகு போனை எடுத்து நேரலையைத் தொடங்கிவிட்டார்.

"ஃபிரெண்ட்ஸ், பாருங்க," என்றார் போனுக்குள், குரலைத் தழைத்து. "ஹோப் தன்னோட பழைய வாழ்க்கையைப் பாத்து எவ்வளவு பயப்படுறான் பாருங்க. அழுறான். பாவம், எவ்வளவு அடி வாங்கியிருந்தா இப்படி அழுவான்..."

"யாரு அடிச்சா?" என்று எழுந்தார் இருசம்மாள்.

"அம்மா, சத்தம் போடாதீங்க. நீங்க சைன் பண்ணிட்டீங்க. சட்டப்படி இது உங்க நாய் இல்ல."

"ஊசிக்குத்தானே போட்டேன்?"

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். டாக்டர் நிவேந்திரன் கெட்டவர் இல்லை. ஆனால் யார் பக்கம் நின்றால் பிரச்சினை குறைவு என்று பார்த்துவிட்டுத்தான் நிற்பார். கோப்பைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டாவது தாளைப் புரட்டி, அடி வரியைப் படித்தார்.

"அம்மா, இதுல உங்க கையெழுத்து இருக்கு. உங்களுக்குத் தமிழ்ல விளக்கிச் சொன்னதா சாட்சியும் இருக்கு." என் பெயரை அவர் சொல்லவில்லை. "பேப்பர் கிளியரா இருக்கு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லாச் சட்டமும் அந்த மேசை மேல் கிடந்தது. நாயின் காது கூரையில் உரசாது. தாகம் எடுக்காது. மூச்சு முட்டாது. உரிமையாளர் என்ற கட்டத்தில் எழுதியிருக்கும் பெயரைக் கண்டால் அந்த நாய் வாலை ஆட்டுமா என்று கேட்க மட்டும் ஒரு தாளிலும் இடம் இல்லை. அந்த ஒன்றுக்காகத்தான் சாட்சி என்று ஒருத்தியை வைத்திருந்தார்கள். அந்த ஒருத்தி கவுண்டருக்குப் பின்னால் ஸ்டேப்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

மேடம் வாரைப் பிடித்து இழுத்தார். கங்காணி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. "கம் பேபி, கம்," என்றார், ஒரு கையில் வாரும் மறு கையில் போனுமாக. "பாருங்க ஃபிரெண்ட்ஸ், பயத்துல நடுங்குறான்." இதைக் கேட்டதும் எனக்கு வந்ததைக் கருணை என்று சொன்னால் பொய். அருவருப்பு. அந்தப் பெண்மணியின் மேல் பாதி, என் மேல் பாதி.

"டாக்டர், அந்தச் சாட்சி பொய்," என்றேன்.

"கலை?"

"நான் விளக்கிச் சொல்லல. ஆபரேஷன் பேப்பர்னு சொன்னேன். மேடம் அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. பதினொரு பேருகிட்டயும் அதேதான் சொன்னேன். தெரிஞ்சே சைன் பண்ணேன். எங்க வேணும்னாலும் எழுதித் தரேன்."

மேடத்தின் போன் மெல்லக் கீழே இறங்கியது. நேரலை போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போல. "கலை கா, என்னா பேசுறீங்க? சுயநினைவோடதான் பேசுறீங்களா? டாக்டர், நான் போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுவேன்."

டாக்டர் கோப்பை மூடினார். இப்போது எந்தப் பக்கம் பிரச்சினை குறைவு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "பண்ணுங்க மேடம். அவங்களும் முகாம்ல என்ன நடந்துச்சுன்னுதான் கேப்பாங்க. யாரோட நாய்னு சந்தேகம் இருக்கிறப்ப நான் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட முடியாது." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்கு நீ வர வேணாம் கலை."

மேடம் வாரைக் கீழே போட்டுவிட்டு, நீலத் துணியை நாயின் கழுத்திலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டுதான் போனார். அதை விட்டுவிட்டுப் போகக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

நான் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தேன். இருசம்மாள் அழுவாரா, என் கையைப் பிடித்துக்கொள்வாரா என்று ஒரு அசட்டு எதிர்பார்ப்பு எனக்கு இருந்தது. உண்மையைச் சொல்லி வேலையையும் தொலைத்தவள் அல்லவா நான். இருசம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தொப்பி போட்டிருந்தது நீயா?"

"ஆமாக்கா."

"அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் படிக்கத் தெரியாம போட்டேன். நீ படிச்சிட்டுப் போட்டிருக்க." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், கிராப் வாடகைக் காரும் வராது. என் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேறு வழி இல்லாததால் ஏறினார். முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் கங்காணியோடு உட்கார்ந்துகொண்டார். நான் மனதுக்குள் என்னைத் தட்டிக்கொடுத்தபடியே ஓட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செய்த அயோக்கியத்தனத்தில் பதினொன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏதோ தர்மம் செய்துவிட்டவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"மத்ததெல்லாம்?" என்றார் அவர் திடீரென்று. "பத்து நாயி போச்சே."

எனக்குக் கோப்பு மனப்பாடம். இரண்டு போன மாதம் விமானம் ஏறிவிட்டன. மூன்று மேடத்தின் காப்பகத்தில் நாள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. நான்கை அலோர் காஜா பக்கம் யார் யாருக்கோ கொடுத்தார்கள். ஒன்று செத்தது. சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லி என்னா செய்ய?" என்றார். "அவங்கவங்ககிட்ட நீயே சொல்லு."

காலை வேலை முடிந்து ஆட்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பியிருந்த மதிய நேரம். கார் கதவைத் திறந்ததும் கங்காணி குதித்து ஓடி, ஒரு வீட்டுப் படியை மோந்து, திரும்பி ஓடி வந்து, மறுபடி ஓடியது. ஜனங்கள் வெளியே வந்தார்கள். "டேய் கங்காணி!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு. எனக்குக்கூட ஒரு நொடி சிரிப்பு வந்தது.

"மருதமுத்தண்ணே," என்று கூப்பிட்டார் இருசம்மாள். "எல்லாரையும் வரச் சொல்லுங்க. நம்மகிட்ட கையெழுத்து வாங்குன பொம்பள வந்திருக்கு."

மருதமுத்து முதலில் வந்தார். அறுபது தாண்டிய, மெலிந்த மனிதர்; வெட்டுக் கத்தியை அப்போதுதான் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். நான் காரைவிட்டு இறங்கினேன். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம், நியாயமும் அவர் பக்கம். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், ஆபீசில் நிற்பது போல.

"நம்ம வீட்டுது கறுப்பும்மா. நெஞ்சுல மட்டும் வெள்ளை இருக்கும். கங்காணி வந்துட்டான்ல, அதையும் எப்ப கொண்டாருவீங்க?"

நெஞ்சில் வெள்ளை. ஏழாம் நம்பர் கோப்பு. மார்ச் மாதம், காப்பகத்தில் இரத்தபேதி. இறந்த விவரத்தை டைப் அடித்தது நான். ஒரு வரி.

"செத்துப் போச்சுண்ணே," என்றேன். "மார்ச்லயே."

அவர் தலையை ஆட்டினார். துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா," என்றார். "வீட்ல தெனம் அதுக்கு ஒரு கை சோறு எடுத்து வைக்குது. இனிமே வேணாம்னு சொல்லிடுறேன்."

என்னைத் திட்டும் அளவுக்குக்கூட அவருக்கு நான் ஒரு பொருட்டில்லை. அவர் ஒதுங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள்.